வானொலிச் சிப்பின் மதிப்பு அதன் வயதில் இல்லை

பழைய வானொலிக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட சிப்புகளைத் தேடிப்பிடித்துக் கிட்டார் பெடல்களில் (கிட்டாரின் ஓசையை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் பெட்டிகளில்) பொருத்துவோர் பலரும், அந்தச் சிப்பின் பழைமையே ஓசைக்கு இனிமை தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வானொலிக்குள் அது எந்த வேலையைச் செய்ததோ, அந்த வேலைதான் நமக்கு வேண்டியது.

மோட்டரோலாவின் எம்சி1496 சிப்பின் பணி, ஊர்தி அலையை (வானொலியில் ஒலியைச் சுமந்து செல்லும் அலை; பெடலில் நாம் சுரத்தோடு பெருக்கும் அலை) அமுக்கிவிட்டு, அதன் இருபுறமும் பிறக்கும் புதிய அதிர்வெண்களான பக்கப்பட்டைகளை மட்டும் வெளியே விடுவது. அடிப்படையில் அது இரண்டு அலைகளைப் பெருக்குகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தை 100 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்கினால் 540, 340 என்ற இரண்டு புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. மூலச் சுரம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதன் மேற்சுரங்களுக்கும் இதே கதிதான் என்பதால், தந்தியின் நாதம் வெண்கல மணியின் ஓசையாக மாறுகிறது. நூறை 220 ஆக்கிப் பாருங்கள்: 660-உம் 220-உம் கிடைத்து, முரண்டுபிடித்த ஓசை உடனே இணங்கிவிடும். எந்தப் பழைமையும் இதைத் தருவதில்லை, பெருக்கல்தான் தருகிறது.

இதே பெருக்கலைச் செய்யும் எஸ்ஏ612 என்ற இன்னொரு வானொலிச் சிப்பில் நான் செய்த முதல் பெடலில் தடித்த தந்திகளின் ஓசை அறவே வரவில்லை. வானொலிச் சுற்றில் கண்ட 10 நானோஃபாரட் கெபாசிட்டரை அப்படியே உள்ளீட்டில் வைத்திருந்தேன். அந்த உள்ளீட்டின் மின்தடை சுமார் 1.5 கிலோஓம் மட்டுமே என்பதால், ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை அனைத்தும் தேய்ந்துபோயின. 2.2 மைக்ரோஃபாரட் வைத்த பிறகே 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆறாவது தந்தி உயிர் பெற்றது. கிட்டார் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகத்தை) நேரடியாக இவ்வளவு குறைந்த மின்தடையில் இணைத்தால் ஓசை மங்கிவிடும். பிக்கப்புக்குச் சுமை தராமல் அலையைச் சிப்புக்குக் கடத்த, முன்னால் ஒரு ஜெஃபெட் பஃபர் (ஜெஃபெட் வகை டிரான்சிஸ்டரால் ஆன இடைச்சுற்று) கட்டாயம் வேண்டும். மின்னழுத்தம் 8 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால், 9 வோல்ட் பேட்டரிக்கும் சிப்புக்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் ஒரு ரெகுலேட்டரும் வேண்டும்.

இந்தச் சிப்பின் உள்ளீட்டு டிரான்சிஸ்டர் இணை, சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினாலே நேர்கோட்டுப் போக்கை இழந்துவிடும். வலுவான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் வானொலியில் இது குறை. கிட்டாரிலோ, அழுத்தி மீட்டும்போது மெல்ல வளைந்து உடையும் அந்த ஓசைக்காகவே இதை நான் விரும்புகிறேன்.

மிஞ்சும் சிக்கல் ஊர்தி அலையின் கசிவு. வானொலியில் அடுத்து வரும் ஃபில்டர் அதை அகற்றிவிடும். பெடலிலோ மீட்டுவதை நிறுத்தியதும் அது தனியே கேட்கும். எம்சி1496-இல் ஒரு டிரிம்பாட்டை (திருகிச் சரிசெய்யும் சிறு மின்தடையை) பொறுமையாகத் திருப்பி அதைப் பெருமளவு அடக்கலாம். ஓசை தணிந்ததும் ஒலியைத் தானே அடைக்கும் நாய்ஸ் கேட் போடச் சொல்வார்கள். அது தந்தியின் கடைசி அதிர்வையும் சேர்த்து வெட்டிவிடுவதால் நான் போடுவதில்லை.

ஒரு வேண்டுகோள்: இதற்காக இயங்கும் வானொலியைப் பிரிக்காதீர்கள். இந்தப் பெருக்கல் அமைப்பை மின்சுற்று வடிவமைப்பாளர் பாரி கில்பர்ட் 1968-இலேயே விளக்கி எழுதிவிட்டார். பொருத்தம் பார்த்து எடுத்த சாதாரண டிரான்சிஸ்டர்களைக் கொண்டே அதைக் கட்டிப் பார்க்கலாம்.