பிளாக்லெட்டரின் உயிர் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது

இடைக்கால ஐரோப்பாவில் தட்டை முனைப் பேனாவால் எழுதிய, கறுத்துக் கோணங்கள் நிறைந்த லத்தீன் எழுத்துதான் பிளாக்லெட்டர். அந்தப் பாணியில் புதிதாக ஒரு எழுத்துரு வந்தால், அதன் விளம்பரப் படத்தில் முதலில் காட்டுவது பெரிய எழுத்துகளைத்தான். முள்ளும் வாலும் சுருளுமாக மிரட்டலாக இருக்கும். நான் அதைத் தாண்டிப் போய் சின்ன 'என்' (n) எழுத்தைத் தேடுவேன். அது சரியில்லை என்றால் அந்த எழுத்துருவில் வேறு எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை.

காரணம் இருக்கிறது. டெக்ஸ்ச்சுரா என்ற நெருக்கமான, நிமிர்ந்த பிளாக்லெட்டர் வகையில் சின்ன 'என்' என்பது இரண்டு நிமிர்ந்த கோடுகள், மேலும் கீழும் சாய்சதுர முனைகள், நடுவில் ஏறக்குறைய கோட்டின் அகலத்துக்கே ஒரு வெள்ளை. அந்தச் சாய்சதுரம் யாரும் ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. தட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் தானாக விழும் வடிவம் அது. கறுப்பும் வெள்ளையும் ஒரே சீராக மாறி மாறி வருவதால் பக்கம் முழுவதும் நெசவு மாதிரி தெரியும். யோஹான்னஸ் குட்டன்பெர்க் 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் 42 வரி பைபிளை அச்சிட்டபோது, இருபத்து சொச்சம் எழுத்துள்ள லத்தீனுக்கு ஏறக்குறைய 290 அச்சு வடிவங்களை வார்த்தார். ஒரே எழுத்துக்கு அகலத்தில் மாற்றம், கூட்டெழுத்து, சுருக்கக்குறி என்று அத்தனையும் வைத்திருந்தார். அந்தச் சீர் கெடாமல் வரிகளை ஒரே நீளத்தில் முடிக்க அவை தேவைப்பட்டன.

சீர் அளவுக்கு மீறினால் படிக்க முடியாது என்பதும் உண்மை. 'மினிமம்' (minimum) என்ற லத்தீன் சொல்லை இந்த வகையில் எழுதினால் வரிசையாக 15 நிமிர்ந்த கோடுகள்தான் நிற்கும். 'ஐ' (i) எழுத்தின் தலைமேல் ஒரு குறி வைக்கும் வழக்கமே, பக்கத்துக் கோடுகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டத்தான் வந்தது. அதனால் இன்று வரைபவர் எல்லாவற்றிலும் பழமையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஜெர்மனியில் நெடுங்காலம் புழங்கிய பிளாக்லெட்டர் வகையான ஃப்ராக்டூரில் 'கே' (k) எழுத்து 'டி' (t) மாதிரியும், பெரிய 'ஏ' (A) எழுத்து 'யூ' (U) மாதிரியும் தெரியும். இவற்றுக்கு இன்றைய கண்ணுக்குப் பழகிய எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் பேனாவின் அசைவு மட்டும் போகக்கூடாது.

இந்த இடத்தில்தான் வரலாறும் வருகிறது. 'இது நாஜி எழுத்து' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் உயர் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை இந்த எழுத்துகளைக் கைவிடச் சொன்னது. இவை யூதர்களின் எழுத்து என்ற அப்பட்டமான பொய்யைக் காரணமாகச் சொன்னது. அந்தத் தாளின் தலைப்பே ஃப்ராக்டூரில்தான் அச்சாகியிருந்தது. அதற்காக இந்த எழுத்துக்கும் அந்த ஆட்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1930களில் டானன்பெர்க் போன்ற எழுத்துருக்கள் வந்தன. வளைவை எல்லாம் நறுக்கி, பேனாவின் சுவடே இல்லாமல், விறைப்பான நேர்கோடுகளாக நிறுத்தியவை. அந்த ஆட்சியின் அறிவிப்புகளோடு ஒட்டிக்கொண்ட முகம் பெரும்பாலும் அதுதான். இன்று 'நவீனப்படுத்துகிறேன்' என்று கிளம்பி, வளைவுகளை நீக்கி, கோடுகளை ஒரே தடிமனுக்குக் கொண்டுவருபவர்கள் தெரியாமலேயே அந்த முகத்தின் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது இதுதான். ஆஃபன்பாக் நகரின் கிளிங்ஸ்போர் வார்ப்புக்கூடத்துக்காக ருடால்ஃப் கோக் வரைந்த எழுத்துகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவரும் 20ஆம் நூற்றாண்டில் வரைந்தவர்தான். ஒவ்வொரு கோட்டிலும் கை தெரியும்.

சரி, வரைவதை விட்டு பயன்படுத்துவதற்கு வருகிறேன். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். அவை சின்ன எழுத்துகளுக்கு முன்னால் தனியாக நிற்க வரைந்தவை. வரிசையாக வைத்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ வம்சாவளியினரான சிகானோக்களின் சுவரெழுத்தில் மட்டும் எப்படி அழகாக வருகிறது என்று கேட்கலாம். அங்கே கை ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து எழுத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்கிறது. எழுத்துருவால் அப்படி வளைய முடியாது.

இடைவெளியும் அப்படியே. ஜெர்மன் அச்சில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தால் நெசவு கிழிந்து கண்ணில் படும், அதனால்தான் அது அழுத்தமாக வேலை செய்தது. ஒரு லோகோ முழுவதையும் அப்படித் தள்ளி வைத்தால் கிழிசல் மட்டும்தான் மிஞ்சும். நெருக்கமாக வையுங்கள், பெரிதாக வையுங்கள், மூன்று நான்கு சொல்லோடு நிறுத்துங்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலைப்பு இந்த மூன்றையும் செய்கிறது.

அப்புறம் ஒன்று. சமூக ஊடகங்களில் பெயரை இந்த வடிவில் மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன அல்லவா, அவை தருவது எழுத்துருவே இல்லை. கணிதச் சமன்பாடுகளுக்காக யூனிகோடில் வைத்திருக்கும் தனிக் குறியீடுகள் அவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் பல, ஒவ்வொன்றையும் 'கணித ஃப்ராக்டூர்' என்று நீட்டி வாசிக்கும், அல்லது விட்டுவிடும். உங்கள் பெயர் அவர்களுக்குப் போய்ச் சேராது. அந்த வடிவம் வேண்டுமென்றால் படமாகப் போடுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதிவிடுங்கள்.