பெரிய பிள்ளைகளுக்கான வீட்டுவழிக் கல்வி: தவறு எங்கே பிடிபடும் என்பதே என் முதல் கேள்வி

சிறு பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிப்பவர்களுக்கு எந்தப் பாடத்திட்டம் என்பது அவ்வளவு பெரிய கேள்வி அல்ல என்பது என் கருத்து. வாசிக்கத் தெரிந்து, எண்களோடு பழகி, கேள்வி கேட்கும் குணம் கெடாமல் இருந்தால், நூல் விட்ட இடத்தைப் பெற்றோரே இட்டு நிரப்பிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை படிப்பதெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்த வசதி போய்விடுகிறது. நான் வரலாறு படித்தவள். இருபடிச் சமன்பாட்டைக் கடைசியாகத் தொட்டது என் பதினாறாம் வயதில். மகளுக்குப் பாடம் புரிந்ததா, புரிந்ததுபோல் தலையை மட்டும் ஆட்டுகிறாளா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அதுவரை எனக்கு இருந்த தைரியம் அந்த இடத்தில் கழன்றுபோனது.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, பலரும் பாராட்டிய ஒரு காணொளி வழிக் கணிதத் திட்டத்தை வாங்கினோம். பாடங்கள் தெளிவாக இருந்தன, சொல்லிக்கொடுத்தவர் பொறுமையானவர், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் திரையில் ஒரு பச்சைக் குறி விழுந்தது. நான்கு மாதங்கள் அந்தப் பச்சைக் குறிகளை எண்ணி நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் அவளுடைய கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டியபோது, அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி வரும் இடங்களிலெல்லாம் அவள் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டிருப்பதைக் கண்டேன். எண்களை வைத்துச் சொல்வதானால், 10 − (4 − 3) என்பதன் விடை 9. அவள் முறைப்படி போட்டால் 3 வரும். எண்களில் அந்தத் தவறைச் செய்ய மாட்டாள், எழுத்துகள் வந்தவுடன் செய்வாள். நான்கு மாதங்களாகச் செய்துவந்திருக்கிறாள். விடை தவறாகும்போதெல்லாம் சரியான விடை திரையில் வந்துவிடும். அதைப் பார்த்து, "ஆமாம், இதைத்தான் நினைத்தேன்" என்று அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறாள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. சரியான விடையைப் பார்த்த கணத்தில் அது தனக்கு முன்பே தெரிந்திருந்தது என்று யாருக்கும் தோன்றும்.

அன்றிலிருந்து எந்தப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை செய்யும் தவறு எங்கே, எத்தனை நாளில், யாருடைய கண்ணில் படும்? நூலின் அழகு, அதன் தத்துவம், அதைப் பயன்படுத்தி எந்தப் பல்கலைக்கழகத்துக்கு யார் போனார்கள் என்ற கதைகள் ஆகிய எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பாடத்திலும் விடை வேறாக வருவதால், எல்லாப் பாடங்களையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கும் முழுத்தொகுப்புகளைப் பெரிய பிள்ளைகளுக்கு வாங்குவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

கணிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தவறு ஒளிந்திருக்க அதைவிட வசதியான இடம் இல்லை. ஒரு படியின் ஓட்டை மூன்று படிகள் தாண்டித்தான் தெரியும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளை இயற்கணிதத்தில் விழும்போது இயற்கணிதம் கடினம் என்று முடிவுகட்டிவிடுவோம். ஆகவே வயதைப் பார்த்து நூலை வாங்காமல், பெரும்பாலான நல்ல கணிதத் தொடர்களோடு வரும் நிலையறிதேர்வை எழுதவைத்து, அது காட்டும் இடத்தில் தொடங்குவது நல்லது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதுக்கான நூலில் உட்காரவைப்பது பிள்ளையைவிடப் பெற்றோருக்கே மானப் பிரச்சினையாகிவிடுகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அடுத்தது, விடைகள் மட்டும் உள்ள நூலுக்கும் ஒவ்வொரு கணக்கின் வழிமுறையும் முழுமையாக எழுதப்பட்ட தீர்வு நூலுக்கும் உள்ள வேறுபாடு. கணிதம் தெரிந்த பெற்றோருக்கு முதலாவது போதும். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது இல்லாமல் ஆகாது, ஏனெனில் அவளுடைய வரியையும் நூலின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் இரண்டும் பிரிகின்றன என்று கண்டுபிடிக்கக் கணிதம் தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பாடத்தின் முடிவில் அதே வகையில் முப்பது கணக்குகள் இருந்தால், எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதைப் பாடத்தின் தலைப்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. பழைய பாடங்களின் கணக்குகளும் கலந்து வரும் பயிற்சியில்தான் எந்த முறை எங்கே பொருந்தும் என்று அவளே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்; தவறும் அங்கேதான் வெளியே வரும். நூலில் கலப்புப் பயிற்சி இல்லையென்றால், வெள்ளிக்கிழமைதோறும் முடிந்த ஐந்து பாடங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்குகளை எடுத்து நாமே ஒரு தாள் தயாரித்துவிடலாம். எனக்கு அதற்குப் பதினைந்து நிமிடங்கள்கூட ஆவதில்லை.

கட்டுரை எழுதுவது இதற்கு நேர் எதிரானது. அங்கே தவறு ஒளிவதில்லை. ஆனால் அதற்கு விடைக்குறிப்பு கிடையாது. எழுத்துப் பயிற்சிக்கென்று விற்கும் நூல்கள் எத்தனை வாங்கினாலும், கட்டுரையைக் கவனமாக வாசித்து, "இந்தப் பத்தியில் நீ சொல்ல வந்தது எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பதின்பருவத்துப் பிள்ளைக்கு அந்த மனிதர் பெற்றோராக இல்லாமல் இருப்பது நல்லது. நாம் சொல்லும் திருத்தம் அவர்கள் காதில் கண்டிப்பாகவே விழுகிறது. எங்களுக்கு வாய்த்த ஏற்பாடு ஒரு பண்டமாற்று: வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் இன்னொரு குடும்பத்துப் பையனின் கட்டுரைகளை நான் வாசிக்கிறேன், அவனுடைய அப்பா என் மகளின் இயற்பியல் கணக்குகளைத் திருத்துகிறார். ஒரு கட்டுரைக்கு இரண்டு குறிப்புகளுக்கு மேல் நான் எழுதுவதில்லை. அந்த இரண்டையும் சரிசெய்து அதே கட்டுரையை அவன் மீண்டும் எழுதித் தர வேண்டும். வாரம் ஒரு புதுக்கட்டுரை என்று ஓடுவதைவிட, ஒரே கட்டுரையை மாதத்தில் மூன்று முறை எழுதிய பிள்ளையின் நடை வேகமாகத் தேறியதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

அறிவியலில் சோதனைக்கு முன்பே என்ன நடக்கும் என்று பிள்ளை எழுதிவைத்துவிட வேண்டும். எழுதிவைக்காவிட்டால் நடந்ததைப் பார்த்த பிறகு எல்லாம் எதிர்பார்த்ததாகவே தோன்றிவிடும். வரலாறு, புவியியல் போன்றவற்றில் பெற்றோரும் நன்கு வாசிப்பவராக இருந்தால் பாடநூலே தேவைப்படாது. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் வலியுறுத்திய வழிமுறை ஒன்று அங்கே நன்றாக உதவுகிறது: ஒரு பகுதியை ஒரே ஒரு முறை கவனமாக வாசித்து, நூலை மூடிவிட்டு, தன் சொற்களில் திரும்பச் சொல்வது. பெரிய பிள்ளைகள் அதை எழுத்தில் செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அந்த வழிமுறைக்கு, பிற்காலத்து நினைவாற்றல் ஆய்வுகள் எதிர்பாராத ஆதரவைத் தந்திருக்கின்றன. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தபோது, நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். மீண்டும் வாசிப்பது தரும் திருப்தியும் பச்சைக் குறி தரும் திருப்தியும் ஒரே சாதியைச் சேர்ந்தவை.

இங்கே தத்துவங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளியில் இருப்பது போன்ற பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தின் வழியே போக வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹோல்ட் 1970களில் சொன்னதில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அச்சமே கற்றலைக் கெடுக்கிறது என்பதை அவரைப் போல் விளக்கியவர்கள் குறைவு. ஆனால் ஒரு துறைக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம், எடுத்துக்காட்டு எதுவும் காட்டாமல் தானே கண்டுபிடித்துக்கொள் என்று விடுவது நினைவாற்றலின் மீது வீண் பாரத்தை ஏற்றுகிறது என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவர் வழிவந்தவர்களும் 1980களிலிருந்து காட்டிவந்திருக்கிறார்கள். முழுமையாகத் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிப்பது புதியவருக்கு உதவும், தேர்ந்தவருக்கோ அதுவே இடைஞ்சலாகும். எனவே நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதா, பிள்ளையே தேடட்டும் என்று விடுவதா என்ற சண்டையில் நான் எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. ஒரே பிள்ளை ஒரே வாரத்தில் வேதியியலில் புதியவளாகவும் நிரலாக்கத்தில் தேர்ந்தவளாகவும் இருப்பாள். வேதியியலுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் நூலும், நிரலாக்கத்துக்கு அவளே தேர்ந்தெடுத்த ஒரு வேலையும் வேண்டும்.

வீட்டுவழிக் கல்வியை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டில் எழுதினார். நாம் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்தாலே அந்தப் பலன் வந்துவிடும் என்று அதை வாசித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வில் தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கு இடையிடையே தேர்வு வைத்து, தவறியதைத் திருத்தி, உயர்ந்த தேர்ச்சி நிலையை எட்டிய பிறகே அடுத்த அலகுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்து ஆய்வுகளில் தனிப்பயிற்சியின் பலன் அவ்வளவு பெரியதாகவும் வரவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதற்கும் தவறு பிடிபடுவதற்கும் உள்ள தூரத்தை நான்கு மாதப் பச்சைக் குறிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

பொதுத்தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் வேறொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பதினாறு வயதில் எந்த வாசல் வழியாக வெளியே போகப்போகிறோம் என்பதைப் பதின்மூன்றிலேயே ஓரளவு பார்த்துவைப்பது நல்லது. எல்லா வாரியங்களும் எல்லாப் பாடங்களையும் தனித்தேர்வருக்குத் திறந்துவைப்பதில்லை. ஆய்வகச் செய்முறையும் பள்ளி வழியாக மதிப்பிடப்படும் செயல்திட்டமும் உள்ள பாடங்களில்தான் வழக்கமாகச் சிக்கல் வரும். பதினாறு வயதையொட்டி எழுதப்படும் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வின் அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் உண்டு, ஆகவே தனித்தேர்வர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு அடுத்த மேல்நிலைப் படிப்பான ஐபி (சர்வதேச பாக்கலரியேட்) பட்டயத் திட்டத்துக்கோ அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும், வீட்டிலிருந்து தனியாக எழுத வழியில்லை. பாடநூலை வாங்குவதற்கு முன் வாரியத்தின் பாடத்திட்ட ஆவணத்தையும் முந்தைய ஆண்டுகளின் இரண்டு வினாத்தாள்களையும் அச்செடுத்து வாசித்துவிடுங்கள். எந்தச் சொல் என்ன பொருளில் கேட்கப்படுகிறது, விளக்குக என்றால் எத்தனை வரி, ஒப்பிடுக என்றால் எத்தனை கருத்து என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். தேர்வு மையத்தில் இடம் கேட்பதையும் கடைசி மாதத்துக்குத் தள்ளக்கூடாது.

பிள்ளையின் சம்மதம் இந்த வயதில் ஒரு மரியாதைக்காகக் கேட்பது அல்ல. சிறு பிள்ளையிடம் நூலை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். பதினைந்து வயதில், தனக்கு விருப்பமில்லாத நூலைத் திறந்து வைத்துக்கொண்டே நாள் முழுவதும் அதைப் படிக்காமல் இருக்கும் கலை அவர்களுக்குக் கைவந்துவிடுகிறது. அதற்காக எல்லாவற்றையும் அவர்கள் முடிவுக்கு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணிதம் படிப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு உரியது அல்ல. எந்த நூல், காலையா மாலையா, தனியாகவா நண்பரோடு சேர்ந்தா என்பவை அவளுடையவை. புதிய நூல் ஒன்றை வாங்குவதற்கு முன், நூலகத்திலிருந்தோ மாதிரிப் பக்கங்களாகவோ இரண்டு நூல்களின் ஒரே பாடத்தை எடுத்து, இரண்டையும் முழுமையாக முடித்துப் பார்க்கிறாள். முதல் அத்தியாயம் எல்லா நூலிலும் இனிமையாகவே இருக்கும் என்பதால் நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்த விதி.

பாதியில் ஒரு திட்டத்தைக் கைவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, ஆறு வாரம் கொடுத்துப் பாருங்கள் என்பது. அந்த ஆறு வாரத்தில் சலிப்பு வந்தால் அது நூலின் குறையாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வகைத் தவறு திருத்தப்பட்ட பிறகும் மீண்டும் மீண்டும் வந்தால், அந்த நூல் அதைப் பார்க்கவில்லை என்று பொருள், மாற்றிவிடலாம். அந்தக் காணொளித் திட்டத்தை நாங்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை. அவள் இப்போதும் விளக்கத்துக்காக அதைப் பார்க்கிறாள். கணக்குகளை மட்டும் தாளில், விடை தெரியாமல் போட்டு, சனிக்கிழமை காலையில் தீர்வு நூலோடு என்னிடம் கொண்டுவந்து வைக்கிறாள். சிவப்புப் பேனா இப்போது அவள் கையில்தான் இருக்கிறது. எந்த வரியில் பிரிந்தது என்று அவளே கோடு போடுகிறாள், நான் அந்தக் கோடு சரியான வரியில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.