சமயம் படிக்கக் கெம்பஸ் எதுக்கு?

"சமயம் படிக்கக் கெம்பஸ் எதுக்கு? கோயிலுக்குப் போனா பத்தாதா?"

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, கெம்பஸ் கலைப்பீடத்துக்குத் தெரிவான பிள்ளைகள் பாடம் எடுக்கிற காலத்தில் வருடா வருடம் இந்தக் கேள்வி காதில் விழும். இந்தத் தடவை கேட்டவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து டிவிஷன் தலைவர். மகள் சமூகவியல் எடுக்கப் போகிறாளாம், அதிலும் சமயமும் சமூகமும் என்கிற பக்கம்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். "ஆம்பளப் புள்ளயா இருந்தாலும் ஐயராகலாம். இவளுக்கு என்னத்துக்கு மாஸ்டர் இது?" என்று சிரித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். (அந்த ஆம்பளப் பிள்ளையும் ஐயராக முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் முடியாது என்பதே ஒரு தவணை முழுக்கப் படிக்கிற அளவுக்குப் பெரிய கேள்வி.) அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

நம் இலங்கைப் பள்ளிக்கூடங்களில் சாதாரண தரம் வரைக்கும் சமயம் கட்டாய பாடம். நாங்கள் சைவநெறி படித்தோம். நாயன்மார் கதை, விரத நாட்கள், மனப்பாடம் பண்ணிய தேவாரம். அதை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் வாயில் வருகிற நாலு தேவாரம் அந்த டீச்சர் புண்ணியத்தில் வந்ததுதான். ஆனால் சமய பாடத்துக்கு மணி அடித்தவுடன் வகுப்பில் என்ன நடக்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? இந்துப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்போம். வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். ஒன்றிரண்டு முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் விறாந்தை. பதினொரு வருடம் ஒரே பெஞ்சில் இருந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவன் எதைக் கும்பிடுகிறான், ஏன் கும்பிடுகிறான் என்று கேட்க ஒரு பாடவேளைகூடக் கிடைக்காமல் வெளியே வருகிறோம்.

பள்ளிக்கூடம் சொல்லித்தருவது எப்படிக் கும்பிடுவது என்று. கெம்பஸில் கேட்பது வேறு. இத்தனை பேர் சேர்ந்து கும்பிடும்போது அவர்களுக்குள் என்ன நடக்கிறது, யார் உள்ளே நிற்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள், காசு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கே பாடம். சாமி உண்டா இல்லையா என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சுக்காரர், யூத மதகுரு ஒருவரின் மகன், 1912இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சமயம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே கிடையாது என்பது வேறு கதை. ஒரு கூட்டம் ஒன்றுகூடிச் சாமி கும்பிடும்போது தன்னுடைய கூட்டு வாழ்க்கையின் பலத்தையே கும்பிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். மாரியம்மன் தேர் இழுக்கிற அன்றைக்கு வடத்தைப் பிடித்த யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மார்க்ஸை நம் தொழிற்சங்க மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம், 'மதம் மக்களுக்கு அபின்' என்று. 1844இல் வந்த அந்தக் கட்டுரையில் அதற்கு முன்னாலேயே இன்னொன்றும் சொல்கிறார்: ஒடுக்கப்பட்டவனின் பெருமூச்சு, இதயமில்லாத உலகத்தின் இதயம் என்று. மேடையில் அந்த முன்பாதியை யாரும் சொல்வதில்லை. மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மன் சமூகவியலாளரை விட்டுவிடுகிறேன், அவர் ஒரு பதிவுக்குள் அடங்கமாட்டார்.

சரி, இவர்களெல்லாம் தூரத்து ஆட்கள். நம் தோட்டத்துக்கு வருவோம்.

எங்கள் கோயில் வாசலில் கும்பாபிஷேகத்துக்குப் பதித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. நாங்கள் தினமும் அதைத் தாண்டிப் போகிறோம், ஒருவரும் நின்று வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். முதல் வரியில் ஓர் அமைச்சர், எழுத்தும் பெரிசு. அடுத்த வரியில் தோட்டத்துத் துரை. அப்புறம் கொழும்பில் கடை வைத்திருக்கும் இரண்டு முதலாளிமார், டவுன் நகைக்கடைக்காரர், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம். பிறகு கமிட்டி: தலைவர், செயலாளர், பொருளாளர், எல்லாம் ஆண்கள். கடைசியில், கல்லில் இடம் முடிகிற இடத்தில், 'மற்றும் தோட்டப் பொதுமக்கள்' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்ளே இருப்பவர்கள்தான் மாதா மாதம் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், கோயில் காசு பிடிக்கப்பட்டவர்கள். மழையில் கொழுந்து பறித்தவர்களும், கட்டடத்துக்கு மணல் சுமந்தவர்களும் அவர்கள்தான், பெரும்பாலும் பெண்கள். ஆயிரம் பக்கப் புத்தகம் சொல்லாத ஒரு தோட்டத்தின் அமைப்பை அந்தக் கல் சொல்லிவிடுகிறது. அதைக் கும்பிட்டுவிட்டுப் போகவும் முடியும், வாசிக்கவும் முடியும். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

திருவிழா உபயப் பட்டியலையும் பாருங்கள். முதல் நாள் யாருக்கு, கடைசி நாள் யாருக்கு, ஃபெக்டரி உபயம் எந்த நாள், மேல் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எந்த நாள், கீழ் லயத்துக்கு எந்த நாள். தேர் எந்த லயம் வரைக்கும் போகும், எந்த வளைவில் திரும்பிவிடும். சாதியைப் பற்றி வாயால் ஒரு வார்த்தை பேசாத மனிதர்கள், அதைத் தேர் போகிற பாதையில் வைத்திருப்பார்கள். பழைய காலத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரியங்கங்காணி முன்னுக்கு நின்று கோயில் கட்டினார், முதல் மரியாதையும் அவருக்கே. கங்காணி முறை போனது. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. மாலை மட்டும் அப்படியே இருக்கிறது, கழுத்துத்தான் மாறுகிறது.

அப்புறம் ரோதைமுனி. இதை எழுதாமல் விட எனக்கு மனசு வராது. மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் நம் ஆட்கள் அக்கரையிலிருந்து நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ரோதைமுனி இங்கே பிறந்தவர். தேயிலை ஃபெக்டரியின் பெரிய சக்கரத்துக்குக் காவல் சாமி. கை போகும், சில நேரம் உயிரே போகும் என்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்கள், அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் வைத்து, கல் நட்டு, படையல் போட்டார்கள். கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியை நறுக்கிவிட, தொடங்கும் முன் கும்பிட ஒரு கவ்வாத்துச் சாமி. எந்த ஆகமத்திலும் இவர்கள் இல்லை. தோட்டத்து வேலையே பெற்றெடுத்த சாமிகள். உழைப்பும் ஆபத்தும் எப்படித் தெய்வமாகின்றன என்று உலகத்தில் எங்கேயாவது படிக்கவேண்டுமென்றால் அதற்கு நம் ஃபெக்டரி வாசலைவிட நல்ல இடம் கிடையாது. நம் பிள்ளைகளோ சமயம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் ரிக்வேதத்தில் தொடங்குகிறார்கள்.

இந்தச் சாமிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்ற முனிக்குக் கொங்கிரீட் கூரை வந்தது, டைல்ஸ் வந்தது, பெயருக்குப் பின்னால் 'ஈஸ்வரர்' வந்தது. கிடா வெட்டினது நின்று பூசணிக்காய் வெட்டுகிறார்கள். லயத்துப் பூசாரி ஒதுங்கி, வெளியூர்க் குருக்கள் வருகிறார். தப்புப் பறை அடித்த இடத்தில் நாதஸ்வரம், அதுவும் இல்லாவிட்டால் ஸ்பீக்கர். எம். என். சீனிவாஸ் என்ற சமூகவியலாளர் குடகு மக்களைப் பற்றி 1952இல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதிரி நகர்வுக்குச் சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயர் கொடுத்தார். கீழே வைக்கப்பட்டவர்கள் மேலே இருப்பவர்களின் வழிபாட்டு முறையை எடுத்துத் தங்கள் மதிப்பை உயர்த்திக்கொள்வது. அது தப்பா சரியா என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. பத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். 'எங்க அப்பன் தப்பு அடிச்சதே போதும், என் மகன் அடிக்கவேணாம்' என்று சொல்பவரையும் கேட்டிருக்கிறேன், 'தப்புச் சத்தம் இல்லாம காமன் எப்படிய்யா எரிவான்' என்று கோபப்படுபவரையும் கேட்டிருக்கிறேன். மாசியில் காமன் எரிகிற கதையை ஆடுகிற காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டாமவரின் கோபம் விளங்கும். முதலாமவரின் கசப்பை விளங்கிக்கொள்ளத்தான் படிக்கவேண்டும்.

நம்முடையதை மட்டும் படித்தாலும் போதாது. கண்டிப் பெரஹராவை எத்தனை தடவை பார்த்திருப்போம்? புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நாலு தேவாலயங்களும் ஊர்வலம் வருகின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். இலங்கையில் புத்த பிக்குகளின் உபசம்பதா (முழுத் துறவு ஏற்பு) முறை அற்றுப்போன நிலையில், சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை 1753இல் வரவழைத்தது கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவன் தென்னிந்திய நாயக்கர் வம்சம். அப்படித் தொடங்கிய சியாம் நிக்காய என்ற பிக்கு சங்கத்தில் கொவிகம என்ற சிங்கள உயர்சாதியார்தான் பிக்குவாகலாம் என்ற வழக்கம் பின்னால் வந்தது. சாதி நம் கோயிலில் மட்டும்தான் இருக்கிறது என்று வெட்கப்படுபவர்களும், நம்மிடம் இல்லவே இல்லை என்று மார்தட்டுபவர்களும் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 2025இல் மறைந்தார், பத்தினி வழிபாட்டைப் பற்றி மட்டும் பல வருடம் ஊர் ஊராக அலைந்து எழுதினார். அந்த மாதிரி ஒரு அலைச்சல் தோட்டத்து மாரியம்மனுக்காக எப்போது நடக்கப் போகிறது?

சிவனொளிபாதமலையை வைத்து 'நான்கு மதமும் ஒற்றுமை' என்று கட்டுரை எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம். நானும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், புள்ளியும் வந்தது. கெம்பஸில் அதே மலையைப் பற்றிக் கேட்கவேண்டியது, மலையின் நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரைக்குமான சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடை போடுவது யார், குப்பை அள்ளுவது யார் என்று. எம்மதமும் சம்மதம் என்று சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் வராது. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்து, அவசரகாலச் சட்டம் போட்டு, இந்த முகநூலையே நிறுத்தினார்களே, அதற்கு முதல் நாள்வரை அங்கேயும் எல்லா மேடையிலும் ஒற்றுமை பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அதன் பிறகு பர்தா போட்ட ஒரு டீச்சரை டவுனில் எப்படிப் பார்த்தார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியும். மற்றவனின் மதத்தைப் பற்றி வட்ஸ்அப்பில் மட்டும் படித்தவர்கள் நிறைந்த நாட்டில், அதை வகுப்பில் உட்கார்ந்து படித்த நாலு பேர் ஊருக்கு ஊர் இருப்பது ஆடம்பரம் இல்லை.

'இதெல்லாம் படிச்சா பக்தி போயிரும்' என்கிறார்கள். போகிறவர்களுக்குப் போகும், படிக்காமலே போனவர்களும் நிறையப் பேர். பேராதனை வளாகத்திலேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. சமூகவியல் படித்துக்கொண்டே வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போன சிநேகிதர்கள் எனக்குண்டு. இன்னொரு பக்கம், 'மதம் மாத்துறவங்களுக்கு வசதியாப் போயிரும்' என்ற பயம். லயத்துக்கு லயம் ஜெபக்கூட்டம் நடக்கிறது, உண்மைதான். அது புதுசும் இல்லை. 1854இலேயே 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத்துக்குள் வந்துவிட்டது, துரைமாரும் அதற்குக் காசு கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரு குடும்பம் ஏன் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறது என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள். புருஷன் குடியை விட்டது, நோய்க்காலத்தில் பத்துப் பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, அங்கே சாதி கேட்காமல் நாற்காலி கொடுத்தது என்று சொல்வார்கள். இதைக் கேட்டபிறகு கோயில் கமிட்டிக்குச் செய்ய நிறைய வேலை இருக்கிறது. கேட்காதவரைக்கும் போஸ்டர் ஒட்டுவதுதான் வேலை.

வேலை வாய்ப்பு? பொய் சொல்லமாட்டேன். கலைப்பட்டதாரிகள் நியமனம் கேட்டுத் தெருவில் நின்ற நாடு இது. ஆசிரியர், கலாசார உத்தியோகத்தர், தொண்டு நிறுவனம், பத்திரிகை, அவ்வளவுதான் பெரும்பாலும். ஆனால் அது வரலாறு எடுத்தவனுக்கும் தமிழ் எடுத்தவனுக்கும் இருக்கிற அதே கஷ்டம். சமயத்தை மட்டும் பிரித்து நக்கல் அடிக்க அதில் காரணம் இல்லை.

தோட்டத்துக்கு நம் ஆட்கள் வந்து 200 வருடம் என்பதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நம் வரலாறு எழுதப்படவில்லை என்று வழியெல்லாம் பேசினோம். எழுதப்படாத அந்த வரலாற்றில் பாதி கோயிலில் கிடக்கிறது: ரோதைமுனிப் பாட்டிலும் காமன் கூத்து லாவணியிலும் கல்வெட்டிலும் உபயப் பட்டியலிலும். தலைவரின் மகள் அந்தப் பாடத்தையே எடுக்கட்டும். இறுதி வருட ஆய்வுக்கு நூலகத்தில் தலைப்புத் தேடாமல் தோட்டத்துக்குத் திரும்பி வரட்டும். பெரியவர்களே, அந்தப் பிள்ளை போனும் கொப்பியுமாக வந்து நின்றால் விரட்டாதீர்கள், தெரிந்த பாட்டைப் பாடிக் காட்டுங்கள். கமிட்டிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள், பழைய போட்டோவெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள், எனக்குத் தெரியும். கணக்குக் கொப்பியைக் கேட்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்லை மகள், அதையும் கேள்.