நெகட்டிவாக வந்தவர்களின் கணக்கு

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் நேரே 'நெகட்டிவ்' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். இப்படி நெகட்டிவாகச் சேர்ந்து இங்கேயே பாசிட்டிவானவர்கள் கடந்த ஆண்டில் எத்தனை பேர் என்று அங்குள்ள டெக்னீஷியனிடம் ஒருநாள் கேட்டேன். "பாசிட்டிவ் ஆறு பேர் சார், அவங்களுக்குத் தனி மெஷின்" என்றார், நல்ல மனிதர். நான் கேட்டது அதுவல்ல.

அந்த ஆறு பேரும் தொற்றோடு வந்து சேர்ந்தவர்களாக இருந்தால் அந்தப் பிரிவின்மேல் ஒரு குறையும் இல்லை. அதில் இருவர் அங்கு வந்தபின் தொற்றியவர்கள் என்றால், கையுறை மாற்றாமல் அடுத்த படுக்கைக்குப் போனதோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் ஒரே குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தியதோ, எங்கோ ஒரு தவறு நடந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை இரண்டு நிலையிலும் ஆறுதான்.

புதிய தொற்றை எண்ணுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு, அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் ஹார்வி ஆல்ட்டரும் அவரது குழுவினரும் செய்த வேலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதய அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இரத்தம் ஏற்றுவதற்கு முன்பும், பிறகு பல மாதங்கள் தொடர்ந்தும் மாதிரி எடுத்து, உறையவைத்துப் பாதுகாத்தார்கள். 1970க்கு முன் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்துகொண்டிருந்தது. காசுக்கு இரத்தம் விற்பவர்களை நிறுத்தி, தன்னார்வக் கொடையாளர்களிடம் மட்டும் பெற்று, ஹெபடைடிஸ் பி சோதனையையும் சேர்த்தபோது அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. அந்தப் பத்தில் ஒருவர் ஏன் என்ற கேள்வியை அவர்கள் விடவில்லை. 1975இல், மீதமிருந்த தொற்றுகள் ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று எழுதினார்கள். 1989இல் மைக்கேல் ஹூட்டன் குழுவினர் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டறிந்தபோது, புதிய சோதனை சரியா என்று பார்க்க உதவியவை உறைபெட்டியில் காத்திருந்த அந்தப் பழைய மாதிரிகள்தாம். 2020இல் ஆல்ட்டருக்கும் ஹூட்டனுக்கும், அதே வைரஸை ஆராய்ந்த சார்ல்ஸ் ரைஸுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் காசுக்கு இரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 தொடக்கத்தில்தான் தடைசெய்யப்பட்டது. கொடை இரத்தத்துக்கு ஹெபடைடிஸ் சி சோதனை 2001இல் கட்டாயமானது. ஆகவே இன்றைய கவலை இரத்தப் பையைவிட டயாலிசிஸ் நாற்காலியைப் பற்றியது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஹெபடைடிஸ் சி தொற்றிய பிறகும் சில வாரங்களுக்கு, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ் என்றே காட்டும் என்பதால், சேரும்போது குத்திய முத்திரையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்க முடியாது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெபடைடிஸ் சி சோதனையும், ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்கு மாதந்தோறும் பி சோதனையும் செய்யும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

இங்கேயும் பல இடங்களில் மறுசோதனை நடக்கிறது. அதன் முடிவு எந்த மெஷின் என்று தீர்மானிக்க மட்டும் பயன்பட்டு, பிறகு ஃபைலுக்குள் போய்விடுகிறது என்பதே என் வருத்தம். நெகட்டிவாக இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மாறியவர்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்த ஷிஃப்டில் என்று ஒரு பதிவேடு வைக்கப் பெரிய செலவில்லை. எழுதிவைத்தால் வழக்கு வரும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சி வகைக்கு இலவச மாத்திரை உண்டு. பெரும்பாலோர் 12 வாரங்களில் குணமாகிறார்கள். இந்த நிலையில் தாமதமாகத் தெரிவதால் நோயாளிக்கு வரும் இழப்பு, மருத்துவமனையின் சங்கடத்தைவிடப் பெரிது.

அப்பாவின் கடைசிச் சோதனைத் தேதியை இப்போது நானே ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளும் போன வாரம் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார்.