அழைக்கவில்லை, அவ்வளவுதான்

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் பலகாரப் பெட்டி திரும்பி வந்த கதை, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட விவரமாகத் தெரிந்திருக்கிறது என்பதால் அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. என் கல்யாணம் முடிந்து அலுவலகத்தில் நான் கொடுத்த அதிரசப் பெட்டியை, கல்யாணத்துக்கு நான் அழைக்காத ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார், அவ்வளவுதான். "இலைக்குக் கணக்குப் பார்த்தவர்கள் அதிரசத்துக்குக் கணக்குப் பார்க்கவில்லையா?" என்ற அந்த ஒரு வரி மட்டும் மூன்று நாள்களாகக் காதிலேயே கிடக்கிறது. அதற்குச் சிரித்தவர்கள் யார் யார் என்பதும் நினைவிருக்கிறது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள்.

ஆம், இலைக்குக் கணக்குப் பார்த்தோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முதல் வளர்பிறை முகூர்த்தத்துக்குத் திருநெல்வேலி முழுவதும் மண்டபம் தேடி அலையும். எங்கள் கைக்கு எட்டியது பாளையங்கோட்டையில் பந்திக்கு 120 பேர் உட்காரக்கூடிய ஒரு மண்டபம். மொத்தம் 400 இலை என்று சமையல்காரரிடம் பேசி, இரு வீட்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் பங்கான 200-இல் அப்பா வழி, அம்மா வழி, தாய்மாமன் வீடு, தெருக்காரர்கள், அப்பாவோடு லாரி செட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் போக எனக்கென்று மிஞ்சியது 15. பள்ளித் தோழிகள் ஆறு பேர். மீதி ஒன்பது. அலுவலகத்தில் என்னைத் தவிர 62 பேர். ஒன்பது பத்திரிகையை 62 பேருக்குப் பங்கிடும் வித்தை தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கும் சொல்லித் தாருங்கள்.

ஒருவரைத் திருமணத்துக்கு அழைக்கவில்லை என்றால் அவரை மதிக்கவில்லை என்று பொருளல்ல. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். என் பிரிவில் இருக்கும் ஒன்பது பேருக்கும் வைத்தேன், அதோடு நிறுத்தினேன். பிரிவைத் தாண்டி ஒரே ஒருவருக்கு வைத்திருந்தாலும், அவருக்கு வைத்தாயே எனக்கு ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி அன்று மாலைக்குள் டீக்கடை வரை போயிருக்கும். எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் என் எதிரிகள் என்று யார் சொன்னது?

2020-இல் ஊரடங்கின்போது திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு உத்தரவு இருந்தது. அந்த ஆண்டு எங்கள் அலுவலகத்திலேயே ஒரு கல்யாணம் நடந்தது. எங்களில் ஒருவருக்கும் அழைப்பில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, "பாவம், என்ன செய்வான்" என்று எல்லோரும் பரிதாபப்பட்டோம். அரசாங்கம் எண்ணிக்கை வைத்தால் அது சட்டம். என் அப்பாவின் பை எண்ணிக்கை வைத்தால் அது கஞ்சத்தனம். அப்படித்தானே?

"பத்திரிகை தர முடியாவிட்டால் வாட்ஸப் குழுவிலாவது போட்டிருக்கலாமே" என்கிறார்கள். சென்ற தையில் ஒரு தம்பி அப்படித்தான் போட்டான். "நேரில் வைக்கக் கை வலிக்கிறதா, குழுவில் போட்டதையெல்லாம் மதித்துப் போக முடியுமா" என்று சாப்பாட்டு மேசையில் பேசியவர்களும் இதே ஆள்கள்தான். பிறகு ஒருவர், "எங்களைக் கூப்பிட்டிருந்தால் மொய்யிலேயே சாப்பாட்டுச் செலவு தேறியிருக்குமே" என்று என் காதுபடவே சொன்னார். இதற்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு மொய் நோட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு அது. அக்கா கல்யாணத்தில் எழுதியது. யார் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தாலும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்து, விரலை வைத்துப் பெயர் பெயராக இறங்குவார். அவர் 501 செய்திருந்தால் நாம் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும், முடிந்தால் கூட்டிச் செய்ய வேண்டும். மொய் என்பது வரவு இல்லை ஐயா, கடன். இரண்டு ஆண்டில் ஓசூருக்கோ துபாய்க்கோ வேலை மாறிப் போகப் போகிறவரிடம் நான் வாங்கிய 501-ஐ எங்கே தேடிப் போய்த் திருப்பிச் செய்வேன்? உங்களிடம் கடன்படாமல் இருந்ததற்காகவா இத்தனை கோபம்?

"நாங்கள் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தலைக்கு 200 போட்டோமே" என்பதையும் கேட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், யார் கொடுத்தார், யார் சம்பளம் வரட்டும் என்றார் என்று டிக் அடித்ததே பெரும்பாலும் நான்தான். என் கல்யாணத்துக்கு வசூலே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதையும் திமிர் என்றார்கள். விட்டுவிடுகிறேன்.

"அழைக்கப்படாமல் இருந்து பார், தெரியும்" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு: இருந்து பார்த்திருக்கிறேன். 2017-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசையில் இருந்த பெண் எங்கள் வரிசை முழுவதற்கும் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தாள். என் மேசையைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். பத்திரிகை கீழே விழுந்திருக்குமோ என்று நினைத்து, பேனாவைத் தவறவிட்டவள் போலக் குனிந்து மேசைக்கு அடியில் தேடினேன். அங்கே மின்விசிறி வயரும் ஒரு குண்டூசி டப்பாவும்தான் இருந்தன. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தாள் வந்தபோது 200 கொடுத்தேன். கல்யாணம் முடிந்து அவள் லட்டு கொண்டுவந்தபோது எடுத்துத் தின்றேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

பெட்டியைத் திருப்பி அனுப்பியவர் வேறு யாராவதாக இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணாச்சி அவர். சரக்கு வரவுச் சீட்டை எப்படிப் படிப்பது, எந்த டிரைவர் எடையில் கைவைப்பான் என்றெல்லாம் முதல் ஆறு மாதம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தவர். அவருக்குக்கூடப் புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும் என்பதுதான் என் வருத்தம். முதல் பட்டியலில் பத்தாவது பெயர் அவருடையதுதான். அப்போது எனக்கு 16 இலை. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முதல் நாள் மதுரைச் சித்தி வீட்டில் ஓர் ஆள் கூடியது. ஒரு பெயரை எடு என்றார் அப்பா. ஸ்டோர்ஸில் பதினொரு பேர், ஒருவருக்கு வைத்தால் பதினொருவருக்கும் வைக்க வேண்டும் என்ற அதே கணக்கை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நான்தான் அடித்தேன். நீலப் பேனாவால், இரண்டு கோடு.

இதை முன்பே நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று பின்னூட்டத்தில் யாரும் எழுத வேண்டாம். கல்யாண வேலையில் இருந்த ஒரு பெண் 53 பேரிடம் தனித்தனியாகப் போய் உங்களை ஏன் அழைக்கவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சரி, ஒருவரிடம் சொல்லியிருக்கலாம். ஒருவரிடம் மட்டும்.

பெட்டியை என்ன செய்வது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடவா என்று நேற்று அம்மா கேட்டாள். அதிரசம்தானே, கெடாது, இருக்கட்டும் என்றேன்.