கிராம சபையில் மக்கள் ஏன் பேசுவதில்லை?

கிராம சபைக்கு மக்கள் வருவதில்லை, வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று தலைவர்களும் அதிகாரிகளும் புலம்புவதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் இதே மக்கள் குடிதண்ணீரைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கூட்டத்தில் மட்டும் பேசவில்லை என்றால், கோளாறு கூட்டம் நடத்துகிற விதத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கிறது? பதினோரு மணி வெயிலில் ஒரு சாமியானா. முன்னால் மேசை போட்டுத் தலைவர், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளர், துறை அலுவலர்கள். எதிரே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே நுழையும்போதே நோட்டில் கையெழுத்து. மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 3001 முதல் 10000 வரை என்றால் 200 பேர் வர வேண்டும் என்று குறைவெண் வரம்பு இருப்பதால், அந்த எண்ணிக்கை சேர்ந்தால் போதும் என்றாகிவிடுகிறது. அப்புறம் ஊராட்சி செயலர் மேலிருந்து வந்த கூட்டப்பொருளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். கடைசியில், எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று மைக் வருகிறது. அத்தனை பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசிப் பழகியவர்கள் ஊருக்கு நாலைந்து பேர். அவர்களும் அநேகமாக ஆண்கள். பின்வரிசைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை.

1996இல் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது கூட்டத்தின் அமைப்பையே மாற்றினார்கள். பொதுக்கூட்டத்தைச் சீக்கிரம் முடித்து, விவசாயம், கல்வி, குடிநீர், பெண்கள் மேம்பாடு என்று தலைப்புவாரியாகச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார்கள். பேச்சை நடத்திச் செல்லப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். பேசியதைத் தொகுத்து மறுபடி எல்லார் முன்னிலையிலும் வைத்தார்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டதால் பேசுவதற்கு ஒரு பொருளும் இருந்தது. பிற்பாடு அங்கேயும் கூட்டம் குறைந்தது, பயனாளிகள் பட்டியலுக்காக மட்டும் வருகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. இருந்தாலும் அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. இருநூறு பேர் முன்னால் கூச்சப்படுகிறவர் இருபது பேர் நடுவில் தாராளமாகப் பேசுவார்.

இதை நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் கூட்டத்துக்கு முந்தின வாரம் சில இளைஞர்கள் கோவில் முன்னால் தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டார்கள். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற பெயரில் தொண்டு நிறுவனங்கள் பல காலமாகச் செய்து வருவதுதான். யாரையும் பேசச் சொல்லவில்லை. குழாய்களை மட்டும் குறிக்கச் சொன்னார்கள். ஒரு பாட்டி பொடியைக் கையில் வாங்கி, "தம்பி, தெரு இங்க முடியல, இன்னும் பன்னிரண்டு வீடு இருக்கு" என்று கோட்டை நீட்டினார். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் குழாயே போகவில்லை என்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. அடுத்த அரைமணி நேரம் பெண்கள்தான் பேசினார்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர், எது மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு என்பதுவரை வந்துவிட்டது. குனிந்து தரையைப் பார்த்துப் பேசும்போது யாருக்கும் மேடை பயம் இல்லை.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. போன கூட்டத்தில் போட்ட தீர்மானம் என்ன ஆனது? எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன்? முதல் கால்மணி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். இந்தப் பதில் கிடைக்காத ஊரில் வட்டமாக உட்கார வைத்தாலும் டீ, சுண்டல் கொடுத்தாலும் மக்கள் இரண்டாவது முறை நம்பி வரமாட்டார்கள். கேட்டது கிடைக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். கேட்டதற்குப் பதிலே இல்லை என்பதைத்தான் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். நடத்துகிறவர் தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் பொறுப்பில் இருக்கும் தனி அலுவலரோ, அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். முந்தின வாரமே தெருத்தெருவாக ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கோரிக்கைகளை எழுதி வாங்குங்கள். வரவு செலவை ஒரே பக்கத்தில், எந்தத் தெருவில் என்ன வேலைக்கு எவ்வளவு என்று அச்சடித்துக் கையில் கொடுங்கள். கூட்டத்தன்று முன்மேசையை எடுத்துவிடுங்கள். முதல் பேச்சைப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள்.