அந்த மண் எங்க போனது?

குளத்தடி வீதியில பவுசர் டீசல் ஊத்துண்ட விஷயத்தில வாய் திறக்கிறேல்லை எண்டுதான் இருந்தன். துப்பரவு வேலையைப் பாத்த உத்தியோகத்தர் இழுத்தடிக்கிறா எண்டு வீடியோ போட்டவர், கீழ எழுதினவை, பகிர்ந்தவை எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள். ஆனா நேற்று இரவு ஒரு பதிவு கண்ணில பட்டுது. “இழுத்தடிச்ச அதிகாரியை மாத்தினதும் ஒரே நாளில வேலை முடிஞ்சுது, வாழ்த்துக்கள்” எண்டு படத்தோட போட்டிருக்கினம். அதுக்குப் பிறகும் பேசாம இருக்க மனம் வரேல்லை.

வேலை முடியேல்லை. குழியைத்தான் மூடியிருக்கினம்.

நீங்கள் மாத்தின அந்த உத்தியோகத்தர் பிள்ளை கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி. தோண்டின மண் எங்க போனது? குழியில எடுத்த சம்பிளின்ர ஆய்வுகூட அறிக்கை எங்க? ரெண்டுக்கும் பதில் எழுத்தில வரும்வரைக்கும் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டவ. மேற்பார்வை உத்தியோகத்தர் எண்டு ஒராளை வைச்சிருக்கிறதே அந்த ரெண்டு கேள்விக்காகத்தான். பெக்கோ எண்ட மண் வெட்டிற இயந்திரம் ஓட்ட ஆள் இருக்கு, படம் எடுக்க ஆள் இருக்கு. மண்ணுக்குப் பொறுப்பு நிக்கிறதுக்குத்தான் அவ.

கணக்கைப் பாப்பம். 6,600 லீற்றர் டீசல் ஊத்துண்டது எண்டு அண்டைக்கு எல்லாரும் சொன்னவை. பாதியை அள்ளியெடுத்தாச்சு எண்டே வைப்பம், மிச்சம் 3,300. அந்த இடம் மணல் கலந்த மண். அப்பிடியான மண் ஒரு கன மீற்றருக்கு 15 இல இருந்து 25 லீற்றர் டீசலைத்தான் பிடிச்சு வைக்கும், மிச்சம் கீழ இறங்கும். நடுவில 20 எண்டு எடுங்கோ. 165 கன மீற்றர் மண் நனைஞ்சிருக்கோணும். எங்கட ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். அப்ப 58 கியூப். தோண்டினா மண் உதிர்ந்து கால்வாசி கூடும், 72 கியூப் சொச்சம் வரும். மூண்டு கியூப் டிப்பரில 24 லோட். இது குத்துமதிப்பான கணக்குத்தான்.

போனது நாலு லோட்.

மிச்ச இருபது லோட் நிலத்துக்குள்ளதான் கிடக்குது. சரி, போன நாலு லோட்டாவது எங்க? ஆருக்கும் தெரியாது. லோட் துண்டு இல்லை, டிப்பர் நம்பர் இல்லை, எங்க கொட்டினதெண்டு கையெழுத்து இல்லை. ஒரு வளவுக்கு நிரவக் குடுத்ததெண்டு கதை அடிபடுகுது. அது உண்மையெண்டா அந்த வளவுக்காரர் காசு குடுத்து டீசல் மண் வாங்கியிருக்கிறார், நாளைக்கு அதில பிள்ளையள் விளையாடும், பக்கத்தில கிணறு வெட்டுவினம். அபாயகரமான கழிவைச் சேகரிக்க, ஏத்த, களஞ்சியப்படுத்த, அகற்ற எல்லாத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேணும் எண்டு 2008 பெப்ரவரி 1 ஆம் திகதியின் 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி சொல்லுது. அவ சொன்னதும் அதைத்தான். தன்ர சொந்த விருப்பத்தில ஒண்டையும் கேக்கேல்லை.

“குழியைப் பாத்தம், அடி சுத்தமாத்தான் இருந்தது” எண்டு எழுதினவைக்கு. அடி சுத்தமாத்தான் இருந்தது. நீங்கள் சுவரைப் பாத்தனீங்களா? மேல ஒரு அடி வீதிக்குப் போட்ட கிரவல். கீழ மணல். அதுக்குக் கீழ களி. மணலும் களியும் சந்திக்கிற இடத்தில, இடுப்பளவு ஆழத்தில, குளத்துப் பக்கச் சுவரில சாம்பல் நிறத்தில ஒரு கோடு, நாலு விரல் தடிப்பு. கையுறையோட தொட்டா வழுவழு எண்டிருக்கும், பெக்கோ வாளி பட்ட இடத்தில மினுங்கும். அந்தக் கோடு குளத்துப் பக்கமாச் சரிஞ்சு போகுது. மணலுக்குள்ளால இறங்கிற டீசல், களி தட்டினதும் நிண்டு பக்கவாட்டில ஓடும். களி சரியிற பக்கம்தான் அதுவும் போகும். அதாலதான் அடியில மட்டும் சம்பிள் எடுத்தாப் போதாது, நாலு சுவரிலயும், அந்தக் கோட்டு மட்டத்தில, தனித்தனியா எடுக்கோணும் எண்டு அவ நிண்டவ. அடிக் களியில எடுத்த ஒரு சம்பிளைக் காட்டி “பாஸ்” எண்டா, அந்தக் காகிதத்தில பொய் இருக்காது, உண்மையும் இருக்காது.

இப்ப அந்தக் குழிக்குள்ள கிரவல் போட்டு அமத்தியாச்சு. அடியில களி, அதுக்கு மேல தண்ணி லேசா இறங்கிற கிரவல். முதல் மாரி மழைக்கே அது தொட்டியா நிரம்பும். சுவரில மிச்சமிருக்கிற டீசல் மிதந்து மேல வரும். குளத்துப் பக்கம் வழி ஏற்கெனவே இருக்கு.

முதல் நாள் நடந்ததையும் சொல்லோணும். சவர்க்காரத் தூள் கரைச்சு அடிச்சு வீதியைக் கழுவினதுக்கு எத்தினை கைதட்டு! சவர்க்காரம் டீசலை இல்லாமச் செய்யாது. சின்னச் சின்னத் துளியா உடைச்சுத் தண்ணியோட கலக்கும். மேல மிதந்தால் அள்ளலாம், உறிஞ்சலாம். கலந்துபோனா ஒருத்தராலயும் பிடிக்கேலாது. அதை அப்பிடியே மதகுக்குள்ளால வாய்க்காலுக்கு விட்டாச்சு. செய்திருக்க வேண்டியது மதகு வாயில மண் மூட்டை அடுக்கி அணை கட்டி, அதுக்குள்ள ரெண்டு ஆறு இஞ்சி பீவீசி பைப்பைச் சரிவா வைக்கிறது. தண்ணி வாற பக்க வாய் தண்ணிக்கு அடியில, வெளிப்பக்க வாய் உயரத்தில. தண்ணி அடியால போகும், டீசல் மேல தங்கி நிக்கும். தங்கினதைக் கல்லி பவுசரால (மலக்குழி உறிஞ்சிற வண்டி) உறிஞ்சலாம், மிச்சத்துக்கு உமியும் தும்புத்தூளும் போடலாம். உமிக்கு வன்னியில பஞ்சமே இல்லை, எங்க பாத்தாலும் அரிசி ஆலை. ஆனா நனைஞ்ச உமியும் கழிவுதான், அதைக் கல்சூளைக்குக் குடுக்கக் கூடாது. இதெல்லாம் முதல் மூண்டு நாலு மணித்தியாலத்துக்குள்ள செய்யிற வேலை. பிறகு செய்தா அரைவாசிப் பலன்கூட இல்லை.

“டீசல்தானே, இந்த வெயிலுக்கு ஆவியாப் போயிடும்.” பெற்றோல் போகும். டீசல் பாரமான எண்ணெய். தார் றோட்டில ஊத்தினா மேலால கொஞ்சம் போகும். மூண்டு அடி ஆழத்தில, காத்துப் படாத மணலுக்குள்ள, அது வருசக்கணக்கில இருக்கும்.

“கிணறுகளை இறைச்சு குளோரினும் போட்டாச்சு.” இதைக் கேட்டுத்தான் எனக்கு நெஞ்சு பதறினது. குளோரின் கிருமிக்குப் போடுறது, டீசலுக்கு அதால ஒண்டும் ஆகாது. அதைவிட மோசம் இறைச்சது. கிணத்து நீர்மட்டத்தை இறக்கினா சுத்தியிருக்கிற நிலத்தடித் தண்ணி கிணத்தை நோக்கி ஓடி வரும். எண்ணெய் வராத கிணத்துக்கும் நாங்களே இழுத்து விடுறம். இறைச்ச தண்ணியை வாழைக்குப் பாய்ச்சினதாயும் அறிஞ்சன். அது திரும்ப நிலத்துக்குள்ளதான்.

அந்தப் பக்கத்தில ஒரு வயசுபோன அம்மா இருக்கிறா. அவவின்ர கிணத்தில வானவில் மாதிரிப் படலம் கண்டு பயந்திருந்தவ. அந்த உத்தியோகத்தர் போய், வாளியில தண்ணி அள்ளி வைச்சு, ஈர்க்கால படலத்தைக் கீறிக் காட்டினவ. கீறின இடத்தில துண்டு துண்டா ஓடு மாதிரி உடைஞ்சு அப்பிடியே நிண்டுது. “இது இரும்புப் பாசி அம்மா, எண்ணெயெண்டா கீறினாலும் திரும்ப வந்து ஒட்டும்” எண்டவ. நம்பிக்கைக்கு ஒரு சம்பிளும் எடுத்துக்கொண்டு போனவ. பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில இல்லை, மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில, வாய் வரை காத்துக் குமிழி இல்லாம நிரப்பி, ஐஸ் பெட்டிக்குள்ள. பிளாஸ்ரிக்கில எடுத்தா எண்ணெய் போத்தல் சுவரில ஒட்டிப்போகும், அறிக்கை சுத்தம் எண்டு வரும். அந்த அம்மா இப்ப என்ன கேக்கிறா தெரியுமா? “அந்தப் பிள்ளை திரும்ப வருமா?” எண்டு. நீங்கள் வாழ்த்துச் சொன்ன இடமாற்றத்தின்ர விலை அதுதான்.

“எல்லாத்துக்கும் காசு எங்க?” இது நியாயமான கேள்வி, இதை நான் தட்டிக் கழிக்கேல்லை. 165 கன மீற்றர் மண் கிட்டத்தட்ட 260 தொன். அவ்வளவையும் ஏத்திக்கொண்டு போய் புத்தளத்துச் சீமெந்துச் சூளையில எரிக்கிறதெண்டா பெருங்காசு, ஒரு பிரதேச சபையால ஏலாது. ஆனா எல்லாத்தையும் அனுப்பத் தேவையில்லை. மேல சொன்ன கணக்கின்படி மண்ணில டீசல் நூற்றுக்கு ஒரு வீதமளவில. அந்த அளவை மண்ணில இருக்கிற பற்றீரியாவே தின்னும், நாங்கள் வசதி செய்து குடுத்தாப் போதும். ரெண்டு பரப்புக் காணி, கிணத்துக்கும் குளத்துக்கும் தள்ளி, மேட்டு நிலம். ஆயிரம் கேஜ் பொலித்தீன் ரெண்டு மடிப்பு விரிச்சு, சுத்திவர ஒரு அடி வரம்பு, ஒரு மூலையில ஊறுற தண்ணியைப் பிடிக்கக் குழி. மண்ணை ஒண்டரை அடிக்கு மேல போகாமப் பரப்போணும். நூறு பங்கு காபனுக்குப் பத்துப் பங்கு நைதரசன், ஒரு பங்கு பொஸ்பரஸ் வேணும். ஒரு தொன் மண்ணுக்கு யூரியா ஒரு கிலோ எண்ணூறு கிராம், ரீஎஸ்பி எண்ட பொஸ்பரஸ் உரம் நானூறு கிராம். முழுக்கப் பாத்தா, ஐம்பது கிலோ பாக்கில, ஒம்பதரை பாக் யூரியா, ரெண்டு பாக் சொச்சம் ரீஎஸ்பி. ஒரேயடியாப் போடக் கூடாது, உப்புக் கூடிப் பற்றீரியா செத்துப்போகும், நைத்திரேற்றும் நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும். மூண்டு நாலு தரமாப் பிரிச்சுப் போடோணும். கொஞ்ச மாட்டெருவும் கலக்கலாம். கிழமைக்கு ஒருக்கா லான்ட்மாஸ்டரால (கை உழவு இயந்திரம்) பிரட்டோணும், காத்துத்தான் முக்கியம். கையில பிடிச்சா உருண்டை நிக்கோணும், தண்ணி சொட்டக் கூடாது, அவ்வளவு ஈரம். மழைக்குத் தறப்பாள். எங்கட சூட்டுக்கு நாலில இருந்து ஆறு மாசத்தில பெரும்பகுதி போயிடும். ஒவ்வொரு மாசமும் சம்பிள். இதுக்கு வேணுமான எல்லாம் வன்னியில ஒவ்வொரு கமக்காரனுக்கும் தெரிஞ்ச சாமான். இல்லாதது காசில்லை, ஆறு மாசம் பொறுப்பா நிக்கிற ஒராள். அந்த ஆளைத்தான் மாத்தினது.

நல்ல மண்ணோட கலந்து பரவினா அளவு குறையும்தானே எண்டு ஒரு பொறியியலாளரும் எழுதியிருக்கிறார். டீசல் குறையாது ஐயா. மண்தான் கூடும்.

கொந்தராத்தில இருக்கிற சிக்கலையும் விளங்குங்கோ. மொத்தத் தொகைக்குக் குடுத்தா கொந்தராத்துக்காரர் குறையத் தோண்டுவார், லாபம் அதிலதான். கியூப் கணக்குக்குக் குடுத்தா நல்ல மண்ணையும் சேர்த்து அள்ளுவார். ஆரையும் கள்ளன் எண்டு சொல்லேல்லை, காசு அப்பிடித்தான் ஓடும். எந்த முறையெண்டாலும் குழிக் கரையில ஒராள் நிண்டு, இது ஊத்தை, இது நல்லது எண்டு வாளி வாளியாப் பிரிச்சு, ஒவ்வொரு லோட்டுக்கும் துண்டு எழுதோணும்.

வீதி ஒரு பக்கம் மூடிக் கிடந்தது கஷ்டம்தான். மற்றப் பக்கத்தால போய் வந்தனீங்கள்தானே.

இனிச் சொல்லுறதைக் கோபமாத்தான் சொல்லுறன். அவ போட்டிருந்த முகக்கவசத்தைப் பாத்துச் சிரிச்சிருக்கிறியள். அது கரி வடியோட வாற, எண்ணெய் ஆவிக்குப் போடுற கவசம். கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க் அந்த ஆவியை மறிக்காது. பெக்கோப் பெடியளைக் காத்து வாற பக்கம் நிக்கச் சொன்னதும், குழிக்குள்ள ஆளை இறங்க விடாததும், சிகரெட்டை அணைக்கச் சொன்னதும் உங்களுக்குப் பகிடி.

இரும்பு ஒண்டு தட்டுப்பட்டு அரை நாள் வேலையை நிப்பாட்டினதையும் இழுத்தடிப்பு எண்டு எழுதியிருக்கிறியள். வன்னியில இருந்துகொண்டு இதை எழுத எப்பிடி மனம் வந்தது? 2009 க்குப் பிறகு இத்தனை வருசமா மிதிவெடி அகற்றிக்கொண்டிருக்கிற மண் இது. முகமாலையில எத்தினை பேர் முழங்காலில இருந்து அங்குலம் அங்குலமாத் தடவினவை. வாளியில தெரியாத இரும்பு பட்டா இயந்திரத்தை நிப்பாட்டி, வந்த வழியாலயே திரும்பி, பொலிசுக்கு அறிவிக்கோணும். அது பழைய பைப்பாத்தான் இருந்தது. பைப்பெண்டு தெரிஞ்சது பாத்த பிறகுதானே.

அவசரப்பட்டுக் கையெழுத்து வைச்சா என்ன நடக்கும் எண்டதுக்குத் தூர இடம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் பழுதாகி, சனம் பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டு, வழக்குப் பேசி, 2019 ஏப்ரல் 4 ஆம் திகதிதான் உயர் நீதிமன்றம் அந்தத் தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. காசு வந்தாலும் நிலத்துக்குக் கீழ போனதை ஆர் அள்ளுறது? அது சுண்ணக்கல், இது களியும் மணலும். தண்ணி குடிக்கிற சனம் ஒண்டுதான்.

“நீர் அவவுக்குச் சொந்தமோ?” எண்டு உள்பெட்டியில கேட்டவைக்கு: இல்லை. நேர்மையா நிண்ட ஒராளைச் சனமே துரத்தினா, அடுத்த ஆள் வாசலிலயே கையெழுத்தை வைச்சிட்டுப் போகும். அந்தப் பயத்தில எழுதுறன்.

அந்தப் பக்கத்துச் சனத்துக்கு. மோட்டர் போட்டுக் கிணத்தை வற்ற இறைக்க வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் வெளித் தண்ணி கேளுங்கோ. பிரதேச சபைக்கும் சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில கடிதம் குடுத்து, வாங்கின திகதியோட பிரதியில கையெழுத்து வாங்குங்கோ. மாரி தொடங்க முன்னம் ஒருக்கா, நீர்மட்டம் ஏறின பிறகு தையில ஒருக்கா, குழிக்கும் குளத்துக்கும் இடையில இருக்கிற எல்லாக் கிணத்திலயும் சம்பிள் எடுக்கச் சொல்லுங்கோ. பென்சீனும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்கோ, உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். எடுக்க வாறவையிட்ட இருக்கிற போத்தல் கண்ணாடியோ எண்டு முதலில பாருங்கோ. பிளாஸ்ரிக் எண்டா திருப்பி அனுப்புங்கோ.